சமவிடமும் கட்டைமுனையும்
கூரியர் என்னும் ஆங்கில எழுத்து வகையின் இயல்பும் பயனும்

நூல்களைக் கற்போர் பலர். அந்நூல்களைத் தாங்கி நிற்கும் எழுத்துக்களின் வடிவத்தை உற்று நோக்குவோர் மிகச் சிலரே. பொருளைத் தேடிச் செல்லும் கண் எழுத்தைக் கடந்து போய்விடுகின்றது. அவ்வாறு கடந்து போக இடங்கொடுப்பதே நல்லெழுத்தின் இலக்கணம் என்றும் கூறலாம். ஆயினும் வடிவம் ஒவ்வொன்றும் ஒரு காரணம் பற்றியே பிறந்ததாகும். காரணத்தை அறிந்தவன் வடிவத்தை உரிய இடத்தில் ஆளுவான். அறியாதவன் வடிவத்தை மாத்திரம் பெயர்த்தெடுத்து அதன் பயனை இழப்பான். இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுதற்குக் கூரியர் என்னும் ஆங்கில எழுத்து வகையினும் சிறந்த சான்று கிடைப்பதரிது. கணிப்பொறியில் எழுதுவோர் யாவரும் அதனைக் கண்டிருப்பர். பழைய டைப்ரைட்டரில் அடித்தாற்போன்ற தோற்றமுடைய எழுத்து அது. அதன் இயல்பு யாது, அவ்வியல்பு எதனால் அமைந்தது, எவ்விடத்து உதவும், எவ்விடத்து உதவாது என்பவற்றை முறையே ஆராய்வோம்.

1. இருவகை இலக்கணம்

கூரியர் எழுத்திற்குரிய இலக்கணம் இரண்டு. முதலாவது, ஒவ்வோரெழுத்தும் ஒரே அளவான இடம் பெறுதல். அச்சுக்கோப்பவர் கையாளும் ஈய எழுத்துக்களில் ஆங்கில ‘ஐ’ மெல்லிய உடலுடையது. ‘எம்’ அகன்ற உடலுடையது. நம் தமிழச்சிலும் ரகரம் கொள்ளும் இடம் வேறு, ணகரம் கொள்ளும் இடம் வேறு. வடிவத்திற்குத் தக்க இடம் என்பதே அச்சுக்கலையின் பொதுவிதி. கூரியரிலோ அவ்விதி இல்லை. திராட்சத் தோட்டத்தின் எஜமான் காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்தாற்போல, ஒடுங்கிய எழுத்திற்கும் அகன்ற எழுத்திற்கும், முற்றுப்புள்ளிக்கும், ஒன்றும் எழுதாது விட்ட வெற்றிடத்திற்குங்கூட, இவ்வகையில் ஒரே அளவான இடமே அளிக்கப்படுகின்றது. இதனைச் சமவிட எழுத்து என்று வழங்குவோம்.

இரண்டாவது இலக்கணம் முனைகளைப் பற்றியது. ஆங்கில எழுத்தின் கோடுகள் முடியுமிடத்தில் குறுக்கே சிறு கோடொன்று நிற்பதைக் காணலாம். அதனை அச்சுக்கலைஞர் ஸெரிப் என்பர். புத்தக எழுத்துக்களில் அது நுனி மெலிந்து, வளைவோடு தண்டிற் கலந்து நிற்கும். கூரியரிலோ அது தண்டினளவே தடித்து, மரக்கட்டையை அறுத்து வைத்தாற்போன்று நேராக நிற்கின்றது. இதனைக் கட்டைமுனை எனலாம். கட்டைமுனை எழுத்து டைப்ரைட்டருக்கு முற்பட்டது. இலண்டன் மாநகரில் எழுத்து வார்ப்பித்த வின்ஸெண்ட் பிக்கின்ஸ் என்பவர் 1810-களில் அத்தகைய எழுத்தை வெளியிட்டார். சுவரொட்டி விளம்பரங்கள் பெருகிய காலம் அது. தெருவில் நடந்து செல்வோனது கண்ணைத் தூரத்தினின்றே இழுத்தற்கு அத்தடித்த முனைகள் பயன்பட்டன. விளம்பரத்தின்பொருட்டுத் தோன்றிய அவ்வடிவம் பிற்காலத்தில் அலுவலகக் கடிதத்திற்கு உரியதாயிற்று. அம்மாற்றத்திற்குக் காரணம் ஒரு யந்திரம்.

2. யந்திரம் விதித்த நியதி

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மில்வாக்கி நகரத்தவரான கிறிஸ்டபர் லேதம் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் 1868ஆம் ஆண்டில் எழுத்தடிக்கும் யந்திரமொன்றிற்குக் காப்புரிமை பெற்றனர். துப்பாக்கி செய்து புகழ் பெற்றிருந்த ரெமிங்டன் கம்பெனியார் அதனைத் திருத்தி 1874ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தனர். அம்முதல் யந்திரத்தில் பெரிய எழுத்துக்கள் மாத்திரமே இருந்தன. 1878ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் ரெமிங்டனிலேயே சிறிய எழுத்துக்களும் சேர்ந்தன.

இவ்யந்திரத்தின் செயலை நோக்குக. விரல் ஒரு விசையை அழுத்த, நெம்புகோல் ஒன்று எழும்பி, அதன் தலையிலுள்ள எழுத்து மைநாடாவின்மீது மோதிக் காகிதத்திற் பதிகின்றது. உடனே காகிதத்தைத் தாங்கிய வண்டி, பற்சக்கரத்தின் ஒரு பல்லளவு இடப்புறம் நகர்கின்றது. எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை அப்பற்சக்கரம் அறியாது. ‘ஐ’ அடிப்பினும் ஒரு பல், ‘எம்’ அடிப்பினும் ஒரு பல். அங்குலத்திற்குப் பத்தெழுத்து என்பது ஓரளவு. பன்னிரண்டெழுத்து என்பது மற்றோரளவு. முன்னது பைக்கா எனவும் பின்னது எலீட் எனவும் பெயர் பெற்றன. ஆகவே சமவிடம் என்பது அழகை நாடி ஒருவர் வகுத்ததன்று; பற்சக்கரத்தின் எளிமை விதித்த நியதி.

இந்நியதியால் எழுத்து வரைவோனுக்கு நேர்ந்த இடர்ப்பாடு சிறியதன்று. ஒடுங்கிய ‘ஐ’யை ‘எம்’முக்குரிய இடத்தின் நடுவே நிறுத்தினால் இருபுறமும் வெளி கிடந்து, சொல்லே பிளவுபட்டுத் தோன்றும். அகன்ற ‘எம்’மை அவ்விடத்தில் அடக்கினாலோ அதன் மூன்று கால்களும் நெருங்கி மைத்திட்டாகும். இவ்விடத்திலேதான் கட்டைமுனை கைகொடுத்தது. ‘ஐ’, ‘எல்’, ‘ஜே’, ‘ஆர்’ என்னும் ஒடுங்கிய எழுத்துக்களின் முனைகளை இருபுறமும் நீட்டினால் வெளி நிரம்புகின்றது. ‘எம்’மின் முனைகளைக் குறுக்கினால் நெருக்கம் தணிகின்றது. மெல்லிய முனைக்கோடு அவ்வெளியைக் கண்ணுக்குப் புலப்பட நிரப்பமாட்டாது. தடித்த முனையே அது செய்ய வல்லது.

கோட்டின் தடிப்பு எங்கும் ஒத்திருப்பதற்கும் யந்திரமே காரணம். புத்தக எழுத்தில் தடித்த கோடும் மயிரிழைக் கோடும் மாறிவரும். துணிநாடாவின் வழியே மோதிப் பதியும் எழுத்தில் மயிரிழைக் கோடு சில வேளை மறையும், சில வேளை காகிதத்தைக் கீறும். ஒரே அடியில் கார்பன் தாளிட்டு மூன்று நான்கு படிகள் எடுக்குங்கால் கடைசிப் படியில் அது அறவே காணாது. ஆதலின் தண்டும் முனையும் ஒரே தடிப்பாய் இருத்தல் வேண்டியதாயிற்று. இங்ஙனம் சமவிடத்திற்கு நீண்ட முனையும், மோதலுக்குத் தடித்த முனையும் வேண்டப்பட, கட்டைமுனை இரண்டு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றியது.

இந்நியதியை மீற முயன்றோரும் உளர். ஐ.பி.எம். கம்பெனியார் 1940-களில் வெளியிட்ட எக்ஸிகியூட்டிவ் என்னும் யந்திரம் ‘ஐ’க்கு இரண்டு அலகும் ‘எம்’முக்கு ஐந்து அலகுமாக இடத்தைப் பங்கிட்டுக் கொடுத்தது. அதில் அடித்த கடிதம் அச்சிட்டதுபோல விளங்கிற்று. ஆனால் பிழையொன்றைத் திருத்தப் பின்னே செல்ல வேண்டின், நடுவிலுள்ள ஒவ்வோரெழுத்தின் அலகையும் நினைந்து கணக்கிட வேண்டியிருந்தது. ஆதலின் பெரும்பாலான அலுவலகங்கள் சமவிடத்தையே விரும்பின.

தமிழும் இந்நியதிக்கு உட்பட்டதே. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா அவர்கள் தமிழ் டைப்ரைட்டருக்குரிய விசைப்பலகையை அமைத்த முன்னோடிகளுள் ஒருவர். ரகரத்தையும் ணகரத்தையும் ஓரிடத்தில் அடக்க வேண்டிய இடர் ஒருபுறமிருக்க, மேலே நிற்கும் புள்ளியை எவ்வாறு இடுவது என்ற வினாவும் தமிழுக்கு எழுந்தது. விசையை அழுத்தியும் வண்டி நகராதிருக்குமாறு சில விசைகளை அமைத்து அவ்விடர் தீர்க்கப்பட்டது. புள்ளியை இட்டபின் வண்டி அசையாது நிற்க, அடுத்த எழுத்து அதன்கீழ் வந்து பொருந்தும். யந்திரத்தின் விதியை மாற்றாமலே அதற்குள் ஒரு வழி கண்ட நுண்ணறிவு இது.

3. கூரியரின் தோற்றம்

டைப்ரைட்டர் எழுத்துக்கள் பலவற்றுள்ளும் கூரியரே உலகெங்கும் பரவியது. ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த ஹோவர்ட் கெட்லர் என்பவர் 1955ஆம் ஆண்டளவில் இதனை வரைந்தார். தூதன் எனப் பொருள்படும் மெஸெஞ்ஜர் என்ற பெயரை முதலில் எண்ணி, பின்னர் அதனினும் சிறிது கம்பீரம் தோன்றும் கூரியர் என்ற பெயரைத் தேர்ந்தனர் என்ப. அப்பெயர் பொருத்தமானதே. செய்தியைச் சுமந்து செல்பவன் தன்னைக் காட்டிக்கொள்ளலாகாது. எனினும் அவன் தோற்றத்தில் ஒரு நேர்மையும் ஒழுங்கும் வேண்டும்.

1961ஆம் ஆண்டில் அக்கம்பெனியார் ஸெலக்ட்ரிக் என்னும் புதிய யந்திரத்தை வெளியிட்டனர். அதில் நெம்புகோல்கள் இல்லை. 88 எழுத்துருக்கள் பொறித்த சிறு உருண்டையொன்றே சுழன்று சாய்ந்து காகிதத்தில் மோதும். காகித வண்டி அசையாது நிற்க உருண்டை நகர்ந்து செல்லும். உருண்டையைக் கழற்றி மாற்றினால் எழுத்து வகை மாறிவிடும். கூரியரின் பெயர் இவ்யந்திரத்தோடு பெரிதும் பரவியது. கூரியர் வடிவத்திற்கு அக்கம்பெனியார் தனியுரிமை நாடாமையின், பிற யந்திரக்காரரும் தடையின்றி அதனைக் கைக்கொண்டனர். 1985ஆம் ஆண்டில் ஆப்பிள் கம்பெனியாரின் லேஸர் அச்சுப்பொறி வந்தபோது அதனுள் அமைந்த எழுத்து வகைகளில் கூரியரும் ஒன்று. பற்சக்கரம் மறைந்த பின்னும் பற்சக்கரத்தின் எழுத்து நிலைத்தது. அந்நிலைபேறு வெறும் பழக்கத்தால் வந்ததா, பயனால் வந்ததா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

4. நால்வகைப் பயன்

முதலாவது பயன், அளவு. கூரியரில் ஓரெழுத்தின் அகலம் அதன் பருமனில் ஐந்தில் மூன்று பங்கு. பன்னிரண்டு புள்ளிப் பருமனாயின் அகலம் 7.2 புள்ளி. அங்குலத்திற்கு 72 புள்ளியாதலின் அங்குலத்திற்குச் சரியாகப் பத்தெழுத்து. ஆறங்குல வரியில் 60 எழுத்து. அங்குலத்திற்கு ஆறு வரியாக ஒன்பதங்குலப் பக்கத்தில் 54 வரி. பக்கத்தைப் பார்த்த அளவிலே அதன் நீளத்தை மதிப்பிட்டுவிடலாம். அமெரிக்கத் திரைப்படத் துறையார் இப்பயனை இன்றும் விடாது போற்றுகின்றனர். திரைக்கதைகளைப் பன்னிரண்டு புள்ளிக் கூரியரில், வரையறுத்த ஓரங்களோடு எழுதுவது அங்கு மரபு. அவ்வாறெழுதிய ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஓடும் என்பது அவர்களுடைய கணக்கு. எழுத்து வகையை மாற்றினால் பக்கத்தின் நீளமும் அதனோடு கால மதிப்பும் மாறிவிடும்.

இரண்டாவது பயன், நிரை. ஒவ்வோரெழுத்தும் சம இடம் கொள்ளுவதால் முதல் வரியின் இருபதாம் எழுத்தின்கீழ் இரண்டாம் வரியின் இருபதாம் எழுத்து நேரே நிற்கும். சாதாரண அச்செழுத்திலும் எண்கள் பெரும்பாலும் சம அகலமாய் அமைவதுண்டு. ஆனால் எழுத்தும் குறியும் எண்ணும் கலந்து வருமிடத்தில் நிரை குலைந்துவிடும். ஐ.பி.எம். கம்பெனியார் 1928ஆம் ஆண்டில் கொணர்ந்த துளையட்டையில் 80 நிரைகள் இருந்தன. 1957ஆம் ஆண்டில் வெளிவந்த போர்ட்ரான் என்னும் கணிப்பொறி மொழியில் ஒவ்வொரு நிரைக்கும் ஒரு கடமை உண்டு: முதல் ஐந்து நிரை கட்டளையின் எண்ணுக்கு, ஆறாவது தொடர்ச்சிக் குறிக்கு, ஏழு முதல் 72 வரை கட்டளைக்கு. 1971ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற புரதக் களஞ்சியத்தில் நெடுங்காலம் வழங்கிய கோப்பு முறையிலும் ஓரணுவின் மூன்று ஆயத்தொலைகளுள் முதலாவது 31 முதல் 38 வரையுள்ள நிரைகளிலும், மற்றவை அடுத்தடுத்த எட்டெட்டு நிரைகளிலும் நின்றன. ஓர் எண் ஒரு நிரை தள்ளிப் போயின் அணுவே வேறிடத்திற்குப் போய்விடும்.

உயிரியல் பயிலும் மாணவர்க்கு இதனை மற்றோரெடுத்துக்காட்டால் விளக்குவோம். இரண்டு உயிர்களின் மரபணுத் தொடரை ஏ, சி, ஜி, டி என்னும் நான்கெழுத்தால் மேலும் கீழுமாக எழுதி ஒப்பிடுகின்றனர் என்க. சமவிட எழுத்தில் எழுதினால் வேறுபட்ட இடம் ஒரு பார்வையிலே தெரியும். மேலே ஏ நிற்கக் கீழே ஜி நிற்கும். புத்தக எழுத்தில் எழுதினாலோ நான்கெழுத்தும் வெவ்வேறகலம் ஆதலின், பத்துப் பதினைந்து எழுத்துக்குள் கீழ்வரி மேல்வரியோடு இசையாது விலகிவிடும். பின்னர்க் காணும் வேறுபாடெல்லாம் பொய்யான வேறுபாடாகும். இங்கே எழுத்து வகை ஆராய்ச்சிக் கருவிகளுள் ஒன்றாகின்றது.

மூன்றாவது பயன், தெளிவு. புத்தக எழுத்தில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் அடுத்த சொல்லின் நிழலில் ஒதுங்கி நிற்கும். கூரியரில் அவை ஒவ்வொன்றும் ஒரு முழு இடத்தைப் பெற்று விளங்குகின்றன. ஒரு புள்ளி குறைந்தாலும் கட்டளை முழுதும் பிழையாகும் கணிப்பொறி வேலைக்கு இது பேருதவி. ஆனால் இவ்விடத்தில் கூரியரின் குறையொன்றையும் மறைத்தலாகாது. பழைய டைப்ரைட்டர்கள் பலவற்றில் ஒன்று என்னும் எண்ணுக்குத் தனி விசையே இல்லை. சிறிய ‘எல்’லையே அடித்து அதனை ஒன்றெனக் கொண்டனர். அப்பழக்கத்தின் தடம் கூரியரில் இன்றும் உண்டு: ஒன்றும் ‘எல்’லும் உடன்பிறந்தவை போலத் தோன்றும்; சுழியும் பெரிய ‘ஓ’வும் அகலத்திலன்றி வேறுபடா. கடிதத்தில் இது பொறுக்கத் தக்கது. கணிப்பொறிக் கட்டளையில் பொறுக்கத் தகாதது. ஆதலின் அத்தொழிலுக்கென்றே பிற்காலத்தார் வரைந்த சமவிட எழுத்துக்களில் சுழியின் நடுவே கோடோ புள்ளியோ இட்டு வேறுபடுத்தியுள்ளனர்.

நான்காவது பயன், சான்று. 2004ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 8ஆம் தேதி அமெரிக்காவின் ஸி.பி.எஸ். தொலைக்காட்சியார், அப்போதைய ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அவர்களுடைய படைத்தொண்டைப் பற்றிச் சில பத்திரங்களை வெளியிட்டனர். அவை 1972, 1973ஆம் ஆண்டுகளின் தேதி தாங்கியவை. ஆனால் அவற்றின் எழுத்துக்கள் சமவிடத்தில் நிற்கவில்லை. இக்காலத்துக் கணிப்பொறியில் அடித்தாற்போல வடிவத்திற்குத் தக்க இடம் பெற்றிருந்தன. இதனைக் கண்டோர் ஐயுற்றனர். இடத்தைப் பங்கிடும் டைப்ரைட்டர்கள் முன்னமே இருந்தன என்பதை மேலே கண்டோம். ஆதலின் இஃதொன்றே முடிந்த சான்றாகாது. எனினும் ஐயம் பிறந்த வாயில் இதுவே. அம்மாதம் 20ஆம் தேதி, அப்பத்திரங்கள் உண்மையானவை என நிரூபிக்க இயலவில்லை என்று அந்நிறுவனத்தார் அறிவித்தனர். எழுத்தின் இடைவெளியை நோக்கும் பழக்கம் வரலாற்று மாணவனுக்கும் வேண்டற்பாலது என்பதற்கு இது போதும்.

5. உதவாத இடம்

இத்துணைப் பயனுடைய எழுத்து எல்லாவிடத்தும் ஏற்றதோ எனின், அன்று. நீண்ட உரைநடையை விரைந்து படிக்குங்கால் கண் ஒவ்வோரெழுத்தாக நிற்பதில்லை. சொற்களைத் தொகுதியாகப் பற்றிக்கொண்டு தாவிச் செல்கின்றது. சமவிட எழுத்தில் சொல்லினுள் வெளி மிகுவதால் அத்தொகுதி நெகிழ்கின்றது. காகிதமும் மிகுதியாகச் செலவாகின்றது. அமெரிக்க அயல்நாட்டு அமைச்சகத்தார் நெடுங்காலம் கூரியரையே கையாண்டு, 2004ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அதனை நீக்கி, டைம்ஸ் நியூ ரோமன் என்னும் புத்தக எழுத்தைத் தங்கள் பத்திரங்களுக்கு விதித்தனர். டைப்ரைட்டர் ஒழிந்த அலுவலகத்தில், நிரையும் அளவும் வேண்டாத கடிதத்திற்குக் கூரியர் வேண்டுவதில்லை. அதன் காரணம் அங்கே அற்றுப்போயிற்று.

6. வடிவமும் நிழலும்

இனி, காரணத்தை மறந்து வடிவத்தைப் பெயர்த்தால் என்னாகும் என்பதைக் காண்போம். 1992ஆம் ஆண்டில் விண்டோஸ் என்னும் கணிப்பொறி அமைப்போடு கூரியர் நியூ என்னும் எழுத்து வகை பரவியது. அது ஸெலக்ட்ரிக் உருண்டையின்மேலுள்ள வடிவத்தை அளவு பிசகாமல் பெயர்த்தெடுத்ததே. ஆயினும் தாளில் அது நோயுற்றவன்போல மெலிந்து தோன்றிற்று. காரணம் யாது? உருண்டையில் எழுத்தை மெலிதாகவே பொறித்திருந்தனர். மைநாடாவின் வழியே மோதும்போது மை பரந்து அதனைத் தடிப்பாக்கும் என்பது வரைந்தவரின் கணக்கு. லேஸர் அச்சில் மோதலுமில்லை, மை பரத்தலுமில்லை. உலோகத்திலிருந்ததை உள்ளவாறே எடுத்தவர்கள் காகிதத்தில் விழ வேண்டியதை விட்டுவிட்டனர். பெயர்ப்பில் பிழையில்லை, ஆயினும் பெயர்த்தது மூலமன்று.

இதனைத் திருத்த முயன்றோர் திரைக்கதைத் துறையாரே. திரைக்கதையாசிரியர் ஜான் ஆகஸ்ட் என்பவரின் வேண்டுகோளால் ஆலன் டேக்-கிரீன் என்பவர் வரைந்த கூரியர் பிரைம் 2013ஆம் ஆண்டில் வெளிவந்து யாவரும் இலவசமாய் ஆளுமாறு அளிக்கப்பட்டது. அதில் அகலமும் அளவும் பழைய கூரியரே. ஆகவே பக்கக் கணக்கு மாறவில்லை. கோட்டின் தடிப்போ மீண்டும் காகிதத்திற்கு ஏற்றதாயிற்று. உருவத்தை அணுவணுவாய்ப் பின்பற்றாத இப்பிரதி, உருவத்தின் நோக்கத்தைப் பின்பற்றியதால் மூலத்திற்கு நெருங்கியதாயிற்று.

இதற்கு மாறானதும் உண்டு. 1974ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கன் டைப்ரைட்டர் என்னும் எழுத்து வகை டைப்ரைட்டரின் தோற்றத்தைக் கொண்டு, சமவிடத்தை விட்டுவிட்டது. விளம்பரத்திற்கு அது இனியது. ஆனால் அதனைக்கொண்டு நிரை அமைக்கவும் முடியாது, பக்கத்தை அளக்கவும் முடியாது. அது கூரியரின் உடையை அணிந்ததேயன்றி அதன் தொழிலை மேற்கொள்ளவில்லை. விளம்பரத்திற்கு அத்தொழில் வேண்டாமையின் அதனைக் குறை கூறுதலும் தகாது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவது இது. சமவிடம் யந்திரத்தின் ஏழ்மையிற் பிறந்தது. கட்டைமுனை அவ்வேழ்மையை ஈடுசெய்ய வந்தது. யந்திரம் ஒழிந்தபின் அவ்விரண்டும் ஒழிந்திருக்க வேண்டும். ஆனால் அளவும், நிரையும், தெளிவும், சான்றும் வேண்டுமிடங்களில் அவை யந்திரத்தின் துணையின்றியே நிற்கின்றன. அவை வேண்டாத இடங்களினின்று நீங்கிவிட்டன. ஆகவே அவற்றை நிலைநிறுத்தியது பழக்கமன்று, பயனே.

நம் கல்லூரி மாணாக்கருக்கு இதனால் ஒரு நடைமுறை விதியும் கிடைக்கின்றது. ஆராய்ச்சிக் கட்டுரையின் உரைநடையைப் புத்தக எழுத்தில் எழுதுக. கணிப்பொறிக் கட்டளைகளையும், மரபணுத் தொடர்களையும், எழுத்தும் எண்ணும் கலந்த நிரைகளையும் சமவிட எழுத்தில் எழுதுக. பழமையின் மணம் கமழ வேண்டும் என்பதற்காகக் கட்டுரை முழுவதையும் கூரியரில் அடிப்பது வாசிப்போர் கண்ணை வருத்துவதேயாகும். எல்லாம் ஒருபடித்தாய் இருக்க வேண்டும் என்பதற்காகக் கட்டளைத் தொடர்களைப் புத்தக எழுத்தில் இடுவது பிழைக்கு வாயில் திறப்பதாகும்.

எழுத்தைப் பற்றிய இவ்விதி எழுத்தோடு நிற்பதன்று. பாடத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தும் அதன் காரணத்தை அறியாத மாணவன் உருண்டையைப் பெயர்த்தவர்களுக்கு ஒப்பாவான். அவன் எழுதும் விடை பிழையற்றதாயினும் மெலிந்தே தோன்றும். முன்னோர் வகுத்த முறை ஒன்றைக் கையாளப் புகுமுன் அஃது எந்த இடர்ப்பாட்டைத் தீர்க்க வந்தது என்று வினவுக. அவ்விடர்ப்பாடு இன்னும் உளதாயின் அம்முறையை நன்கு போற்றுக. அது நீங்கியிருப்பின் மரியாதையோடு அதனை விடுக. உருமாறி வந்திருப்பின், உருவத்திற்கன்றி நோக்கத்திற்கு உண்மையாய் அம்முறையைத் திருத்தி அமைத்துக்கொள்க. கல்வி என்பது இம்மூன்றையும் பகுத்தறியும் ஆற்றலேயாம்.